பெயர் அறிவோம், பூ அறிவோமா?

பத்துப்பாட்டுள் எட்டாவதாக வைத்து எண்ணப்பெறுவது குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்பொருட்டுக் கபிலர் பாடிய இந்நூல் 261 அடிகளால் ஆயது. அருவியாடி மகிழ்ந்த தலைவியும் தோழியரும் மலைச்சாரலில் திரிந்து, பூக்களைப் பறித்துப் பாறையின்மேல் குவிக்கும் இடத்தில் 99 பூக்களின் பெயர்களைப் புலவர் அடுக்கிச் செல்கிறார். நம் கல்லூரிகளின் முத்தமிழ் விழாக்களில் அப்பகுதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் போட்டி நடைபெறுவதுண்டு. மாணவர் ஒருவர் தடையின்றி முடித்துவிட்டால் அரங்கம் கையொலியால் அதிரும். நினைவாற்றல் போற்றுதற்குரியதே. ஆயினும் கைதட்டிய நூற்றுக்கணக்கானோருள் ஒருவரையேனும் அழைத்து, அரங்கிற்கு வெளியே மதிலோரத்தில் பூத்துக் கிடப்பனவற்றுள் அப்பட்டியலைச் சேர்ந்தவை எவை என்று காட்டச் சொன்னால் என்ன நிகழும்? மாணவர் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார். ஆசிரியர் தாவரவியல் துறை இருக்கும் திசையைப் பார்ப்பார்.

இந்நிலை தமிழ்த்துறைகளுக்குப் பெருமை தருவதன்று என்பது நம் கருத்து. பிற மொழி இலக்கியங்களில் பூ அணியாக வரும். தமிழில் அஃது இலக்கணமாகவே நிற்கிறது. அகத்திணை ஒழுக்கங்களுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பெயர் அமைந்தது போலவே, ஆநிரை கவர்தல் முதலாக வெற்றி கொண்டாடுதல் ஈறாகப் போரின் ஒவ்வொரு நிலைக்கும் வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, உழிஞை, நொச்சி, தும்பை, வாகை என்று பூவின் பெயரையே நம் முன்னோர் இட்டனர். தேர்வுத்தாளில் 'தும்பைத் திணையை விளக்குக' என்று வினா எழுப்புகிறோம். மாணவரும் பத்து மதிப்பெண்ணுக்கு விளக்குகிறார். விடை எழுதிவிட்டு அவர் மிதித்துச் செல்லும் வழியோரத்திலேயே தும்பை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது.

தும்பையை அறிவது கடினமன்று. முழங்கால் உயரங்கூட வளராத செடி. தண்டைக் கையிலெடுத்து விரலால் உருட்டினால் உருளாது; நான்கு பட்டையாக இருக்கும். கணுக்கள்தோறும் பந்து போலக் கூடிய புல்லிகளிலிருந்து வெண்ணிறப் பூக்கள் உதடு நீட்டிக்கொண்டிருக்கும். சிற்றூர்ப் பிள்ளைகள் அப்பூவைப் பறித்து அடியில் உள்ள துளித் தேனை உறிஞ்சுவர். இதே பெயரொட்டு இருப்பதனால் கவிழ்தும்பையையும் இதன் இனம் என்று கருதுவோர் உளர். இரண்டுக்கும் உறவே இல்லை. கவிழ்தும்பையின் பூ வெளிறிய நீல நிறமுடையது. தலை கவிழ்ந்து தரையை நோக்கும். இலையைத் தொட்டால் சுணை கையில் உறுத்தும். இருவேறு குடும்பச் செடிகளுக்கு மக்கள் ஒரே பெயரை அடிச்சொல்லாக வைத்திருக்கிறார்கள் என்பதே தமிழ் மாணவருக்குச் சுவையான ஆய்வுப்பொருள். அதற்குச் செடி இரண்டையும் கண்ணால் பார்த்திருத்தல் வேண்டும்.

பூவைப் பார்த்தவருக்குப் பாட்டு வேறாக விளங்கும் என்பதற்குக் காந்தளைக் காட்டாகக் கூறலாம். மகளிர் விரலுக்குக் காந்தளை உவமை கூறுதல் சங்கப் பாடல்களில் பெருவழக்கு. சுடருக்கும் அதனையே உவமையாக்கியுள்ளனர். ஒரே பூ விரலாகவும் சுடராகவும் எவ்வாறு தோன்றக்கூடும்? மாணவர் இதனை வினவுவதில்லை, நாமும் விளக்குவதில்லை. மழை பெய்த ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வேலியோரத்தில் கண்வலிக்கிழங்குக் கொடியைக் கண்டால் விடை கிடைக்கும். மக்கள் கலப்பைக்கிழங்கு என்றும் கார்த்திகைப்பூ என்றும் அழைக்கும் அக்கொடியே காந்தள். அதன் இலை நுனி கம்பி போலச் சுருண்டு அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொண்டு ஏறும். இத்தகைய இலை நம் வேலிக்கொடிகளில் வேறொன்றுக்கு இருப்பதைக் காண்பது அரிது. மொட்டு முதலில் பசுமையாக இருக்கும். விரிந்தவுடன் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். பிறகு ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து, ஓரம் நெளிந்து, முழுச் சிவப்பாகி மேல்நோக்கி எழும்பும். குவிந்த நிலையில் விரல். நெளிந்து எழுந்த நிலையில் சுடர். புலவர் வெவ்வேறு நாளில் வெவ்வேறு பருவத்துப் பூவைப் பார்த்திருக்கிறார். உரையாசிரியர் எவரும் இதனை விரித்துரைக்க வேண்டிய தேவை அக்காலத்தில் இருந்திருக்காது.

தமிழ்நாட்டின் மாநில மலராக ஏற்கப்பெற்ற இச்செங்காந்தளைப் பொது அறிவு வினா விடைகளில் படித்தறிந்தோர் பல்லாயிரவர். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதனை அறிந்தோர் அவருள் எத்துணையர்? கோல்ச்சிசின் என்னும் மருந்துப் பொருளுக்காக இதன் விதையை ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் உழவர்கள் பந்தலமைத்துப் பயிரிட்டு விற்கின்றனர். இலக்கியப் பூ என்று எண்ணிக் கிழங்கைத் தோண்டி வாயில் வைத்தால் உயிருக்கே கேடு. பூவை இனங்காணுதல் என்பதில் இந்தப் பகுதியும் அடங்கும்.

வாகைக்கு வருவோம். 'வெற்றிவாகை சூடினார்' என்று நாள்தோறும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வாகை மரத்தைக் காட்டுக என்றால் பலரும் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டுகின்றனர். குடை போல் கவிந்து, இளஞ்சிவப்புப் பூவைச் சொரியும் அம்மரம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. தமிழ் மண்ணுக்குரிய வாகையின் பூ பசுமை கலந்த வெண்ணிறம் உடையது, மணமுள்ளது, மெல்லிய இழைகளாக விரிவது. சங்கப் புலவர் அதனை மயிலின் உச்சிக்கொண்டையோடு ஒப்பிட்டிருப்பதன் பொருத்தம் மரத்தடியில் நின்றால் தானே விளங்கும். கோடையில் அதன் தட்டையான வெண்ணெற்றுகள் காற்றில் கலகலக்கும். பாலை நிலப் பாடல்களில் அவ்வொலி கேட்கிறதே, அதனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் காத்திருந்து கேட்க இயலாது.

கொன்றையின் நிலையும் இவ்வாறே ஆகி வருகிறது. சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும் பொன்னிறப் பூங்கொத்தினை உடையது நம் சரக்கொன்றை. இன்று முதுமலைக் காடுகளில் பரவி வனத்துறையினருக்குப் பெருந்தொல்லையாகிவிட்ட மஞ்சட்கொன்றை அமெரிக்க நாட்டு மரம். அதன் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். தொங்குவதா, நிமிர்வதா என்ற ஒரே வினாவால் பிரித்தறியக்கூடிய இரண்டு மரங்களைப் பிரித்தறியாமல், முல்லைத்திணைப் பாடலுக்கு அயல் மரத்தின் படத்தை அச்சிட்ட நாட்காட்டிகள் உண்டு.

எல்லாப் பூக்களையும் இவ்வாறு ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிவிட முடியும் என்று நாம் கூறவில்லை. கரந்தை எது? கொட்டைக்கரந்தை என்பார் ஒரு சாரார். திருநீற்றுப்பச்சை என்பார் மற்றொரு சாரார். உழிஞைக்குக் கொற்றான் என்று பழைய உரை கூற, அக்கொற்றான் எது என்பதில் வழக்கு நீள்கிறது. வஞ்சி பற்றியும் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. அகராதியைப் புரட்டினால் பல இடங்களில் 'ஒரு பூ', 'ஒருவகைக் கொடி', 'ஒரு மரம்' என்றிருக்கும். இவ்வளவில் அமைதியடைந்து விடுவதையே நாம் குறையாகக் கருதுகிறோம். கரந்தைப் பூவைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் இளம் பசுவின் முலைக்கு ஒப்பிட்டுள்ளார். அறுவடை முடிந்த வயலில் தரையோடு படர்ந்து, ஊதா நிற உருண்டைகளாகப் பூத்திருக்கும் கொட்டைக்கரந்தையை ஒரு கையிலும், நீண்ட கதிராகப் பூக்கும் திருநீற்றுப்பச்சையை மறு கையிலும் ஏந்திக்கொண்டு அப்பாட்டைப் படித்தால், எப்பக்கம் சாய்வது என்பதை மாணவரே முடிவு செய்வார். நம் கருத்து கொட்டைக்கரந்தையின் பக்கமே. மாறுபடுவோர் செடியோடு வருக.

அண்மைக்காலத்தில் '99 பூக்கள்' என்று வண்ணப்படங்களுடன் சுவரொட்டிகளும் பலகைகளும் பரவலாகத் தொங்கவிடப்படுகின்றன. ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் 99க்கும் ஐயமே இல்லாதது போலப் படம் ஒட்டுதல் அறிவுடைமையாகாது. ஐயமுள்ளதை ஐயம் என்று குறித்தல் ஆய்வறம். பி.எல். சாமி அவர்கள் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' எழுதியபோது பாட்டின் அகச்சான்று, உரை, மக்கள் வழக்கு, தாவரநூல் ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்து ஆராய்ந்தார். அந்நூலைக் கையிலெடுத்தவர், முடிவைக் காட்டிலும் முடிவுக்கு வந்த வழியே கற்கத்தக்கது என்பதை உணர்வர்.

டாக்டர் உ.வே. சாமிநாதையரின் பட்டறிவு இங்கே நினையத்தக்கது. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த அவருக்குக் கிடைத்த ஏடுகளில், குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் சில பெயர்கள் சிதைந்து போயிருந்தன. விடுபட்ட பெயர்களுக்காக ஏடு தேடி அலைந்து, தருமபுர ஆதீனத்தில் கிடைத்த ஏட்டிலிருந்து அவற்றைப் பெற்று நிரப்பினார். சில பூக்களின் பெயருக்காக அப்பெரியார் அத்தனை தொலைவு நடந்தார். பெயர்கள் முழுமையும் அச்சில் கிடைத்துவிட்ட நாம் பூவுக்காகக் கல்லூரியின் பின்வாசல் வரையேனும் நடத்தல் வேண்டாமா?

'அது தாவரவியலார் வேலை, நமக்கேன்?' என்று நம் துறை சார்ந்த நண்பர்கள் கூறுவதுண்டு. மொழி அறிஞர்க்கும் செடிகொடிக்கும் தொடர்பில்லை என்ற இக்கருத்தை அரபு மொழியின் வரலாறு மறுக்கிறது. பஸ்ராவின் மொழியறிஞர் அல் அஸ்மஈ செடிகளையும் மரங்களையும் பற்றி நூல் செய்தார். கிபி 9ஆம் நூற்றாண்டினரான அபூ ஹனீபா அத்தீனவரி 'கிதாபுந் நபாத்' என்னும் தாவரநூலை இயற்றினார். அவர் கவிஞர்களின் பாடல்களில் வரும் செடிப்பெயர்களைத் திரட்டி, பாலைவனத்து நாடோடி அரபியர் வழக்கில் அவை எவற்றைக் குறிக்கின்றன என்பதனைச் சேர்த்து, இலை, பூ, வளருமிடம் ஆகியவற்றோடு விளக்கினார். பழம்பாட்டின் சொற்பொருளை ஒட்டகம் மேய்ப்பவரின் அறிவைக் கொண்டு தெளிந்த இம்முறை அகராதிக் கலையின் சிறந்த முன்மாதிரி. மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1400 மருந்துப்பொருள்களைத் தொகுத்தபோது, ஒரே செடிக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களையும் குறிப்பதில் கருத்துச் செலுத்தினார்.

நமக்கு இன்னும் அண்மையிலேயே ஒரு காட்டு உண்டு. கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டுச் செடிகளை 12 தொகுதிகளில் படங்களோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவரச் செய்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்னும் அந்நூலுக்கு அறிவு வழங்கியவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரும் கொங்கணி வைத்தியர் மூவரும் ஆவர். படங்களின் மூலையில் செடியின் பெயர் உரோமன், மலையாள எழுத்துகளோடு அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு செடியின் பெயரை அதனை அறிந்த எல்லாச் சமூகத்தாரின் எழுத்திலும் பதிந்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அக்கரையில் தோன்றியிருக்கிறது.

இனி, எங்குச் சென்று எதனைப் பார்ப்பது என்பதைச் சிறிது கூறுவோம். நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரையூர்களிலிருந்து நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்கள் பலர். நெய்தல் திணைக்கு அவர்களே நம் ஆசிரியராகலாம். கரையோர மணலில் நீண்டு படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிணித்து நிற்கும் கொடி அடம்பு. இரண்டாகப் பிளந்த அதன் இலையை மானின் குளம்புக்குப் புலவர் உவமித்தார். மக்கள் ஆட்டுக்கால் என்கின்றனர். புனல் போன்ற செவ்வூதாப் பூ காலையில் விரிந்து உச்சிப்பொழுது கடந்தபின் வாடும். பிற்பகலில் கடற்கரைக்கு உலாவச் செல்வோர் அதனைக் காணாமல் திரும்புவதில் வியப்பில்லை. தாழையையும் புன்னையையும் அங்கேயே காணலாம்.

குளத்தங்கரைக்குச் சென்றால் தாமரை, ஆம்பல், நெய்தல் மூன்றையும் 'தாமரை' என்ற ஒரே சொல்லால் சுட்டும் இளைஞரைக் காண்கிறோம். தாமரை இலை முழுவட்டம். காம்பு நடுவில் பொருந்தி, இலையும் பூவும் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும். ஆம்பல், நெய்தல் இவற்றின் இலையில் காம்பு பொருந்தும் இடம் வரை ஒரு பிளவு ஓடும். இலை நீரிலேயே மிதக்கும். வெள்ளாம்பல் இரவில் விரிந்து காலை வெயில் ஏறக் குவியும். நீல நெய்தல் பகலில் விரியும். பொழுதோடு பூவைப் பொருத்திப் பாடிய புலவர், எந்தப் பூ எப்பொழுது விரியும் என்பதில் தவறுவதில்லை. திரைப்படப் பாடலாசிரியர் சிலர் தவறுகின்றனர். அது வேறு செய்தி.

நெருஞ்சி காய்ந்த நிலத்துக்குரியது. நெருஞ்சிக்கும் யானை நெருஞ்சிக்கும் உள்ள வேற்றுமையை நாட்டு மருந்துக்கடைக்காரர் ஒரு நொடியில் கூறிவிடுவார். முன்னது தரையில் படர்வது, இறகு போன்ற கூட்டிலை உடையது, ஐந்து தனியிதழ்கள் கொண்ட மஞ்சட்பூ பூப்பது. பின்னது சற்றே நிமிர்ந்து வளர்வது, தனியிலையும் குழல் போன்ற மஞ்சட்பூவும் உடையது. அதன் தழையை நீரில் இட்டுக் கலக்கினால் நீர் வழவழப்பாகிவிடும். பெயரில் உறவு, பிறப்பில் இல்லை.

மடலேறும் தலைவன் சூடுவனவாகக் கூறப்பெறும் ஆவிரை, எருக்கு, பூளை ஆகியவற்றையும் இவ்வறண்ட நிலத்திலேயே காண்கிறோம். மணமுள்ள பூக்கள் எத்தனையோ இருக்க, அவன் ஏன் இவற்றை அணிகிறான்? இவை எவரும் விரும்பிச் சூடாதவை. ஊர்ப் புறத்துத் தரிசில் கேட்பாரற்று வளர்பவை. நாணம் துறந்து தெருவுக்கு வருபவனின் நிலையை அப்பூக்களின் இருப்பிடமே உணர்த்துகிறது. பூ எங்கே வளர்கிறது என்னும் அறிவு இல்லாமல் அப்பாட்டின் பாதி விளங்காது. பூளை என்பது பொங்கற்காலத்தில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் சிறுபூளையின் இனமே.

ஆவிரையைப் பற்றிச் சற்று நிறுத்திக் கூற வேண்டியுள்ளது. நம் சமூகப் பெரியோர் பலருக்கு அது இலக்கியப் பூவாக அன்றிப் பட்டையாகவே அறிமுகம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்த காலத்தில், தோலுக்குத் துவர் ஏற்றப் பயன்பட்டது ஆவாரம்பட்டையே. தரிசு நிலங்களில் உழைப்பாளர் வெட்டி உரித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த அப்பட்டையால் பதனிட்ட தோல் கடல் கடந்து சென்றது. நம் கல்விக்கூடங்கள் பலவற்றின் தொடக்கக் கொடையில் அத்தொழிலின் ஈட்டமும் உண்டு. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்து சேர்ந்தது. ஆவாரம்பட்டையின் தேவை குறைந்தது. ஆசுத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அவ்வாட்டில் மரத்தை, மலைவாழ் மக்கள் சீகை மரம் என்பர், பட்டைக்காக இங்கேயே வளர்க்கும் நோக்கத்தோடு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் பரப்புப் பரப்பாக நட்டனர். அப்புல்வெளிகள் வெறுநிலம் என்றே அன்றைய திட்டங்கள் கருதின.

அவ்வெறுநிலந்தான் குறிஞ்சிப் பூவின் வீடு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை சிந்தி, ஒருசேர மடியும் நீலக்குறிஞ்சி மரநிழலில் வாழாது. திறந்த வெயிலும் புல்லும் காற்றும் வேண்டும். கொடைக்கானலிலும் மூணாற்றிலும் 2006இலும் 2018இலும் அது மலைமுகடுகளை நீலமாக்கியபோது, பூத்த இடங்களைக் கண்டு மகிழ்ந்தோம்; சீகை மரங்கள் மூடிவிட்ட இடங்களில் பூத்திருக்க வேண்டிய பூவைப் பற்றி எண்ணியவர் சிலரே. சமவெளியின் மஞ்சட்பூ ஒன்று வணிகத்திலிருந்து நீங்கியதும் மலைமுடியின் நீலப்பூ இடமிழந்ததும் ஒரே கதையின் இரு முனைகள். இதனை அறிந்துகொள்ளத் தமிழும் தாவரவியலும் வரலாறும் வணிகவியலும் ஒரே மேசையில் அமர வேண்டும். ஒரே வளாகத்தில் இந்நான்கு துறைகளையும் வைத்திருக்கும் கல்லூரிகளால் இயலாததன்று.

எது மண்ணுக்குரியது, எது வந்து சேர்ந்தது என்பதை அறிதல் இனங்காணுதலின் முக்கியப் பகுதி. மலைச்சரிவெங்கும் பல வண்ணத்தில் பூக்கும் உண்ணிச்செடி, ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரை, வயல் வரப்பில் வெண்பூ சிதறும் பார்த்தீனியம், மஞ்சட்பூவும் முள்ளிலையும் கொண்ட குடியோட்டிப்பூண்டு, ஏன், புண்ணுக்கு இலை கசக்கிவிடும் வெட்டுக்காயப் பூண்டுங்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கல்லறைகளில் நாம் நெடுங்காலமாகக் காணும் நித்தியகல்யாணி மடகாஸ்கர்த் தீவினது. வந்தவை யாவும் தீயன என்பது நம் வாதமன்று. நித்தியகல்யாணி புற்றுநோய்க்கு மருந்து தருகிறது. உண்ணிச்செடி காட்டையே விழுங்குகிறது. ஒவ்வொன்றையும் அதனதன் தன்மையால் மதித்தல் வேண்டும். மற்றொன்றையும் இடையில் கூறிச் செல்லலாம். மாலைகளில் இடம்பெறும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியர் வழியாக இந்நாட்டுக்கு வந்தது. துருக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை; நமக்கும் அதற்கும் தொடர்பில்லை. அயலிலிருந்து வந்ததற்கெல்லாம் 'சீமை' என்றோ 'துலுக்க' என்றோ முன்னொட்டுச் சேர்த்துவிடுவது மக்கள் நாவின் வழக்கம். பூவின் பெயரிலுள்ள வரலாறு எப்பொழுதும் பூவின் வரலாறாக இருப்பதில்லை என்பதற்கு இச்சொல்லையே வகுப்பறையில் காட்டாக எடுத்துரைக்கலாம்.

இவ்வறிவு யாரிடம் உள்ளது? ஆடு மேய்ப்போர், களையெடுக்கும் பெண்கள், நாட்டு மருந்து விற்போர், பேறுகால மருந்து இடித்துக் கொடுக்கும் மூதாட்டியர் ஆகியோரிடம் உள்ளது. அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதிக்கொள்ள எவரும் சென்றதுமில்லை. ஒரு மூதாட்டி மறையும்போது அவருடன் எத்தனை செடிப்பெயர்கள் மறைகின்றன என்று கணக்கெடுப்பார் இலர். நாட்டார் பாடலும் விடுகதையும் திரட்ட மாணவரை அனுப்பும் நம் துறைகள், ஆய்வேட்டுத் தலைப்புப் பட்டியலில் ஊர்ப் பூப்பெயர்களையும் சேர்த்தல் வேண்டும். ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அவ்வூரின் வழக்குப்பெயர், இலக்கியப்பெயர், தாவரநூற்பெயர், பூக்கும் திங்கள், வளருமிடம் ஆகியவற்றைச் சரியாகப் பதிவு செய்யும் ஒரு முதுகலை ஆய்வேடு, 'இன்னாரின் புதினங்களில் பெண்ணியம்' என்ற வரிசையில் வரும் நூறாவது ஆய்வேட்டைவிடப் பயனுடையது என்று துணிந்து கூறுவோம்.

இதற்கு உதவி இல்லாமலும் இல்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கப்பெற்ற இராபினாட் உலர்தாவரகம் உள்ளது. அங்கிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ அவர்கள் தமிழகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்தளித்த பெருந்தொகுதிகள், ஒரு கல்லூரியால் என்ன இயலும் என்பதற்குச் சான்று. கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தென் மண்டல நிலையமும் உள்ளது. உலர்த்திய செடியை எடுத்துச் சென்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர்க்கு அறிஞர் உதவி கிடைக்கும். நாம் செய்ய வேண்டியது மிகச் சிறிய தொடக்கமே. செய்தித்தாள் மடிப்பில் செடியை உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, பெயர்களையும் இடத்தையும் நாளையும் எழுதிவைத்தல். அத்தாளில் 'ஐயம்' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருத்தல் வேண்டும். அரிய செடியானால் பறிக்காமல் படம் எடுத்துக்கொண்டால் போதும். கைப்பேசி இல்லாத மாணவர் இன்று இல்லை. படத்தைக் கண்டு பெயர் கூறும் செயலிகளும் கைப்பேசியில் உள்ளன. அவற்றின் விடையை ஒரு தொடக்கக் குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளுதல் கூடாது. காந்தளுக்கும் கரந்தைக்கும் இடையே நம் புலவர் கண்ட உறவை அவை அறியா.

இறுதியாக இடம் பற்றிய சிக்கல். பூ வளர நிலம் வேண்டும். தும்பையும் நெருஞ்சியும் பூளையும் வளரும் நிலத்துக்கு வருவாய்த்துறை ஏட்டில் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் பெயர். அப்பெயர் இருப்பதனாலேயே அங்குக் குப்பை கொட்டலாம், மண் அள்ளலாம், கட்டடம் எழுப்பலாம் என்றாகிவிட்டது. நம் கல்வி நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. விழாவுக்கு விருந்தினர் வருகிறார் என்றால், முதல் நாள் மண்வாரி எந்திரம் கொண்டு வளாகம் முழுவதையும் மொட்டையடித்து, அயல்நாட்டுப் புல்லைப் பதித்து, தொட்டியில் காகிதப்பூவை வரிசையாக வைக்கிறோம். அதன் பெயர் வளாகத் தூய்மை. அவ்விருந்தினர் மேடையேறித் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்ததைப் பற்றி உரையாற்றுவார்.

நம் பொறுப்பில் உள்ள மற்றொரு நிலம் அடக்கத்தலம். கபரஸ்தான் என்றும் மையவாடி என்றும் ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும் அந்நிலங்கள் பல, ஊர் வளர்ந்து நான்கு பக்கமும் கட்டடங்கள் சூழ்ந்த பின்னும் உழப்படாமல், விற்கப்படாமல் காக்கப்பெற்றவை. அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் மறைந்துபோன செடிகொடிகள் அங்கே எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. சிற்றூர்களில் அம்மன் கோயிற்காடுகள் காத்து வைத்தது போன்றதே இதுவும். அண்மையில் சில ஊர்களில் களைக்கொல்லி தெளித்தும் தீயிட்டும் அந்நிலத்தைத் தூய்மை செய்யும் வழக்கம் தோன்றியிருப்பது வருத்தத்திற்குரியது. பசுமையான மட்டையைக் கபுறின்மீது நட்ட நபிவழியை அறிந்த சமூகம், அங்கே தாமாக முளைத்த பசுமைக்கு நஞ்சிடுதல் பொருந்துமா என்பதை மூத்தோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பாம்பு வரும், ஜனாஸாவைச் சுமந்து செல்ல வழியில்லை என்று கூறப்படும் காரணங்கள் உண்மையானவையே. அவற்றைத் தள்ளிவிட இயலாது. நடைபாதையையும் அடக்கம் செய்யவிருக்கும் பகுதியையும் எப்பொழுது வேண்டுமாயினும் செதுக்கிக்கொள்ளலாம். எஞ்சிய பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முளைத்த செடிகள் பூத்து, காய்த்து, விதை சிந்தும் வரை காத்திருந்து, மாசித் திங்களில் கையரிவாளால் அறுத்தால் போதும். சீமைக்கருவேலத்தை மட்டும் கண்டவுடன் வேரோடு பிடுங்குக. அறுப்பதற்கு முன்னர் ஒருநாள் எங்கள் மாணவர்களை உள்ளே விட ஜமாஅத்தார் இசைவளித்தால், தாள்களோடும் பென்சிலோடும் வந்து, உள்ளவற்றைப் பட்டியலிட்டு, ஒரு படியைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் கொடுத்துச் செல்வார்கள்.